ஒன்பதாவது ஆடு

"பாலம் கட்டினது எங்க தாத்தாவா? அவர் ஒரு முக்காலி செஞ்சாலே அது ஆடும்!"

தச்சர் எழுந்து நின்றுவிட்டார். வாசகசாலையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

அன்று நோட்டுக்காரரின் முதலாண்டு நினைவுக் கூட்டம். நாற்பது வருடம் கக்கத்தில் நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கி, ஊர்க்கதையை எழுதி வைத்த மனிதர். மறுநாள் அது புத்தகமாக அச்சுக்குப் போகிறது. அதில் வெள்ளம் வந்த வருடத்தின் கதையை அவர் மகள் படித்துக்கொண்டிருந்தாள். தொட்டதெல்லாம் தப்பு.

"அப்போ கட்டினது யாரு?" என்றாள், கையிலிருந்த தாள்களைப் பார்த்தபடி.

"எங்க பாட்டியும் அவங்க தங்கச்சிகளும். வீட்டுக் கதவுகளைக் கழட்டிப் போட்டுக் கட்டினாங்க. தாத்தா கரையில நின்னு அதட்டினதோட சரி."

அவள் பக்கத்திலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டாள். "சரி. வெள்ளம் வந்ததும் ஊரே மலைமேல ஏறிடுச்சு…"

"எந்த மலை?" ஓய்வுபெற்ற தபால்காரர் குறுக்கிட்டார். "நம்ம ஊர்ல மலை ஏது? பள்ளிக்கூட மாடியில மூணு நாள் கிடந்தோம். நாப்பத்திரண்டு பேர், எட்டு ஆடு."

"ஒன்பது!" என்றார் தையல்காரம்மா. "ஏறினது எட்டு, இறங்கினது ஒன்பது. எங்க ஆடு மாடியிலதான் குட்டி போட்டுச்சு!"

அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. ஆளுக்கொரு திருத்தம். சண்டை, சத்தியம், சிரிப்பு. இரண்டு மணி நேரம் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகும் தபால்காரருக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்மா, உங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன்! என் வீட்டுக்கு ஏழு தடவை வந்திருக்காரு. வர்றப்பல்லாம் ஒரு தேதியைத் தப்பாச் சொல்வாரு. நான் திருத்தினதும் கௌரவம் பார்க்காம எழுதிக்குவாரு. அவர் பேர்ல இந்தக் கண்றாவி அச்சாகலாமா? ஊர் சிரிக்காதா?"

"ஆகாது மாமா. அதான் எல்லாத்தையும் திருத்திட்டீங்களே."

"அந்தத் தாளை இப்படிக் கொடு. என் கையாலேயே கிழிச்சாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் தயங்கியதைக் கண்டு, அவரே பிடுங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். முன்னும் பின்னும் ஒரு எழுத்துகூட இல்லை. அத்தனையும் வெள்ளைத்தாள்.

"வெள்ளத்துக் கதை இருந்த நோட்டைக் கரையான் தின்னுடுச்சு மாமா" என்றாள் அவள் மெதுவாக. "மூணு மாசமா வீடு வீடாப் போய்க் கேட்டேன். நீங்க உள்பட எல்லாரும் 'ஞாபகமில்லை'ன்னு கையை விரிச்சிட்டீங்க. அப்பதான் அப்பா சொன்னது நினைப்பு வந்துச்சு. 'கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க. தப்பாச் சொல்லிப் பாரு, ஓடி வந்து திருத்துவாங்க'ன்னு."

தபால்காரர் வாயைப் பிளந்தார்.

"அடப்பாவி மனுஷா! அப்போ அந்த ஏழு தடவையும்…?"