கதாநாயகிக்கு யார் சொல்வது?

"செத்துப்போறது புருஷன் வேண்டாம் சமால். அப்பாவா மாத்திடலாம்," என்றான் தஸ்தான்.

"ஏன், நேத்து வரைக்கும் புருஷன்தானே?"

"அப்பான்னா மனசுல நிக்கும்."

அல்மாட்டி நகரில் அன்று காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து எடுக்கப்போகும் குறும்படத்துக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை. கதையை நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். வருங்கால நகரம் ஒன்று. அங்கே சாவுச் செய்தியைக் காதில் மாட்டிய கருவியே சொல்லும். சொன்ன கையோடு துக்கத்தையும் துடைத்துவிடும். எழுதுவது சமால், படம்பிடிப்பது தஸ்தான். கேமராமேன் கதையில் மூக்கை நுழைப்பது இதுதான் முதல் தடவை.

"சரி, அப்பாவே இருக்கட்டும். மெஷின் சொல்லுது. அவ அழாம எழுந்து ஆபீஸ் போறா. அப்புறம்?"

"மெஷின் சொல்ல வேண்டாம். ஒரு ஆள் வந்து சொல்லட்டும்."

"அப்போ மெஷினுக்கு என்ன வேலை? டீ போடவா?"

அவன் சிரிக்கவில்லை. அவன் முன்னால் இருந்த பால் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. சமாலின் வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம வழக்கம்தான். சாவைப் பட்டுனு சொல்லக் கூடாது இல்ல? பக்கத்துல உக்காந்து, கதை மாதிரி ஆரம்பிச்சு, மெல்ல..."

"தெரியும். வளத்த கழுகு மலைக்கே திரும்பிப் போயிடுச்சும்பாங்க," என்றாள் சமால். பேனாவை எடுத்துக்கொண்டாள். "நீ எப்படிச் சொல்லுவ? சொல்லிக் காட்டு, வசனமா எழுதிக்கறேன்."

தஸ்தான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"செமெய்ல ஒரு பெரியவர்..."

சமாலின் அப்பா இருக்கும் ஊர் அது. பேனா நின்றது. ஆனால் அவள் நிமிரவில்லை.

"ம், சொல்லு."

"குதிரைக்குச் சேணம் கட்டினார். பொண்ணு வர்ற வரைக்கும் இருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அவருக்கும் ஆசைதான். குதிரை நிக்கல. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே..." அவன் குரல் உடைந்தது. "பாத்துக்கிட்டே போயிட்டார் சமால்."

படமாவது, முடிவாவது. அவளுடைய அண்ணன்தான் செய்தியைச் சொல்ல இவனை அனுப்பியிருந்தார்.

சமால் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான்.

"மன்னிச்சுக்க. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல," என்றான்.

"காலைலயே போன்ல வந்துடுச்சு தஸ்தான். சித்தப்பா பொண்ணு அவசரப்பட்டுக் குடும்பக் குரூப்புல இரங்கல் போட்டுட்டா," என்றாள் அவள் விசும்பலுக்கு நடுவே. "அப்போலேருந்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, யாராவது வந்து சொல்ல மாட்டாங்களான்னு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."