அழிக்கப்பட்ட ஆள்

"கூடத்துல இல்ல, அடுப்படிப் பக்கமும் இல்ல. எங்கேம்மா என் பொண்ணு?"

விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுழல் நாற்காலியில் அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டிருந்தார் தையல்காரர். பின்னால் தொங்கிய ஒயர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"மெதுவா ஐயா. அங்கதான் எங்கயாவது இருப்பாங்க" என்று ஒயரை எடுத்துவிட்டாள் ஆராய்ச்சிக்காரி.

கூட்டுக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று படம் பிடித்து ஆராய்வது அவள் வேலை. கண்ணாடியை மாட்டினால் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல் எந்தப் பக்கமும் பார்க்கலாம். போன மாதம் அவள் படம் பிடித்தது, தையல்காரர் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. விஷயம் காதில் விழுந்ததுதான் தாமதம், கடையைப் பூட்டிவிட்டு மனுஷர் ஓடி வந்துவிட்டார்.

கல்யாணமானதிலிருந்து மகள் பிறந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. போனில் ஒரே பாட்டுதான்: "நல்லா இருக்கேன்ப்பா." அந்தக் குரலை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் அவர் படும் அவஸ்தை, மகளைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

"மாப்ள போனை நோண்டிட்டிருக்கார். சம்பந்தியம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கிறாங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு..." திடீரென்று காற்றில் கையை நீட்டினார். "அட, இதென்ன கூத்து! சம்பந்தி தட்டு காலியா இருந்துச்சு, இப்போ நிறைஞ்சிருக்கு. யாரு பரிமாறினா?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டெக்னீஷியன் சிரித்தான். "அது ஏஐ வேலை ஐயா. இந்தக் கேமரா நாலாபக்கமும் எடுக்கும். எடுக்கறவரும் படத்துல விழுந்துடுவார். அவரை அழிச்சுட்டு, அந்த இடத்துல சுவரையும் தரையையும் அதுவே ஒட்டுப் போட்டுடும். அங்கங்க கொஞ்சம் பிசிறு தட்டும்."

"ஒட்டுப் போடறது எங்க தொழிலாச்சே, தம்பி" என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னைக்கு அவ வீட்டுலயே இல்லையோ? ஏதும் ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு..."

"ஐயோ, ஏன் ஐயா அப்படி நினைக்கிறீங்க? கதவைத் திறந்துவிட்டதே அவங்கதான். மஞ்சள் ரவிக்கை போட்டிருந்தாங்க."

"நான் தைச்சுக் குடுத்தது!" என்றார். மறுபடியும் நாற்காலியைச் சுழற்றித் தேட ஆரம்பித்தார்.

ஆராய்ச்சிக்காரிக்கும் இப்போது இருப்புக்கொள்ளவில்லை. டெக்னீஷியன் பக்கம் போனாள். "ஏம்ப்பா, ஏஐ எத்தனை பேரை அழிச்சிருக்கு?"

"ஒருத்தரைத்தான் மேடம். கேமராக்காரரை."

"இத்தனை பேர்ல கேமராக்காரர் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ரொம்ப சுலபம் மேடம். கேமராக்காரரைக் கண்டுக்காதீங்க, அவர்கூடப் பேசாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே எங்க போனாலும் எடுக்கறோம்? அதனால, யாருகிட்ட யாருமே பேசலையோ, யாரு முகத்தை யாருமே பார்க்கலையோ, அந்த ஆளை அழிச்சுடும்."

ஆராய்ச்சிக்காரி தையல்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கேமராவை வெச்சுட்டு, கேமராக்காரரும் என்கூட வெளிய வந்துட்டாரே..."

சுற்றிக்கொண்டிருந்த நாற்காலி நின்றது. தையல்காரர் கண்ணாடியைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஊருக்கு அடுத்த பஸ் எப்போம்மா?"