கழற்றிய பூட்ஸ்

இடைவேளை. மூன்று கோல் வாங்கியாகிவிட்டது. ஒன்பது வருஷம் தொடர்ந்து கோப்பை தூக்கிய எங்கள் கோவில்பட்டி அணி, கோட்டோரம் உட்கார்ந்து பூட்ஸில் அப்பிய கரிசலைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறது. நேற்று மைதானத்துக்கு டேங்கர் தண்ணீர் விடச் சொன்னதே கேப்டன் சபியுல்லாதான். வெளியூர்க்காரர்களின் பூட்ஸ் சேற்றில் சிக்கும், எங்கள் ஆட்கள் வெறுங்காலில் பாய்வார்கள். ஒன்பது கோப்பையும் அப்படி வந்தவைதான். இந்த வருஷம் தாங்களும் பூட்ஸுக்கு மாறிவிட்டதை அவர் யோசிக்கவில்லை. எதிரே கயத்தாறு அணி வெறுங்காலோடு நிற்கிறது. கணுக்கால்வரை அப்பிய ஈரக் கறுப்பில் சாயங்கால வெயில் பளபளக்கிறது. “நம்ம ஆட்டத்த நமக்கே ஆடிக் காட்டுதானுவ, அண்ணாச்சி” என்கிறான் கோல்கீப்பர் இசக்கிபாண்டி. “காட்டட்டும்லே. படிச்சது நம்மகிட்டதான?” சபியுல்லா சிரித்துக்கொண்டே நாடாவை அவிழ்க்கிறார். “எல்லாரும் கழத்துங்கலே. அடுத்த பாதி நம்மளுது.” பதினொரு ஜோடி பூட்ஸ் கோட்டுக்கு வெளியே குவிகிறது. கூட்டம் கைதட்டுகிறது. விசில் சத்தம் கேட்டதும் சபியுல்லா பந்தை நோக்கி ஓடுகிறார். பின்னால் பத்துப் பேரும், வெளுத்த பாதங்களைத் தூக்கித் தூக்கி, முள் கிடக்குமோ என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள்.