சுவருக்கு அங்குட்டு

உலகத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது: ஸ்காட்லாந்து துரை நிறுவிய நாள் முதல், காரைக்குடிப் பிரஸ்பிட்டேரியன் சபையில் சாதி கிடையாது. 1968 பவள விழா மலரில் மூப்பர் ஞானசிகாமணியே அப்படி எழுதியிருக்கிறார்.

அவரிடம்தான், விடிகாலையில் கணவனைப் பறிகொடுத்த சாராள், கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம் கேட்டு நின்றாள்.

"சுவருக்கு அங்குட்டு உங்க ஆளுகளுக்குத் தனியா இடம் இருக்கேம்மா" என்றார் மூப்பர்.

"கர்த்தர் முன்னால எல்லாரும் ஒண்ணுன்னு மலர்ல எழுதுனீகளே?"

"அது விசுவாசம். இது வழக்கம்."

"இருபது வருசமா அவரு கையால அப்பம் வாங்கித் தின்னீகளே மூப்பரே, அப்ப எந்தச் சுவரு குறுக்க நின்னுச்சு?"

"அடக்கத்துக்கு நாங்க எல்லாரும் வந்துருவோம்" என்று மூப்பர் எழுந்துகொண்டார்.

அன்று மாலை சாராளின் கணவரைச் சுவருக்கு அப்பால்தான் புதைத்தார்கள். அவர் அந்தச் சபையின் போதகர்.