திருப்பி வைத்த சீட்டு

அந்த மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் வாடகை சைக்கிள்கள் மொத்தமே பத்துதான். ஜெசிந்தாவின் ரயில் வருவதற்குள் எல்லாம் பறந்துவிடும். பழுதான வண்டியின் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டுப் போவது அங்கே வழக்கம். அதை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். முந்தைய ரயிலில் வரும் மாறன் தினமும் ஒரு நல்ல வண்டியின் சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கி, திருப்பி வைத்துவிட்டு ஆபீஸ் போவான். "திரும்பி நிக்கறது உனக்கு. வேற ஒருத்தனும் தொட மாட்டான்" என்று அவன் முதல் நாள் சொன்னபோது, அதைவிடப் பெரிய காதல் வார்த்தையை அவள் கேட்டதில்லை. யாராவது அந்த வண்டியை நெருங்கினால், "அது ரிப்பேருங்க" என்று சிரித்துக்கொண்டே தடுத்துவிடுவாள்.

இன்று இரண்டு சீட்டுகள் திரும்பியிருந்தன. ஒன்று அவள் உயரம். மற்றது நிஜமாகவே பழுதாக இருக்கும் என்று நினைத்தவள், எதற்கும் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். நன்றாகப் பிடித்தது. டயர் கல்லாக இருந்தது. செயினிலும் குறையில்லை. சீட்டு மட்டும் அவளுடையதைவிட நாலு விரற்கடை தாழ்ந்திருந்தது. அதன்மேல் கையை வைத்தபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

அடுத்த ரயில் வந்தது. படியேறி வந்த கூட்டத்திலிருந்து குட்டையான ஒரு பெண், வேறெந்தப் பக்கமும் பார்க்காமல் நேராக அவளிடம் வந்தாள்.

"அக்கா, அத எடுக்காதீங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. "அது ரிப்பேரு."

"தெரியும்" என்றாள் ஜெசிந்தா, சீட்டிலிருந்து கையை எடுக்காமல்.