சிவப்பு விளக்கு அணைந்ததும்

மூன்றாவது தடவை.

அதே கார், அதே செல்ஃப் மோட்டார். முதுகுக்குக் கீழே அதே சாக்கு. அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் வெள்ளியங்கிரிக்கு அலுத்துப்போய்விட்டது.

சாவியைத் திருகினால் கர்ரென்று அரைக்கிறதாம். போன மாதம் செல்ஃபின் பல்சக்கரத்தை மாற்றினான். பத்து நாளில் அரைத்தது. செல்ஃபையே மாற்றினான். மறுபடியும் அரைத்தது. வெள்ளியங்கிரி கை வைத்த வண்டி திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதுவும் போச்சு.

வண்டிக்காரர் நாச்சிமுத்துவிடம் எரிந்து விழவும் முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் சம்சாரத்துக்கு ஈரோட்டில் டயாலிசிஸ். ருக்மணியம்மாள் அதோ ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். இன்றும் பதினொரு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். இந்த வண்டி படுத்துக்கொண்டால் அந்த அம்மாளின் கதை முடிந்தது.

"போறப்ப நல்லாப் பேசீட்டு வருவா தம்பி," ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து நாச்சிமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். "வரப்ப பூராத் தூங்கீருவா. பாவம், நான் எழுப்ப மாட்டேன்."

யார் கேட்டார்கள் இதை? கேட்டதற்குப் பதில் வராது. கேட்காததெல்லாம் வரும். அப்படி ஒரு மனுஷன்.

செல்ஃபைக் கழற்றிவிட்டு, அதன் பல் போய்க் கடிக்கிற ஃபிளைவீல் சக்கரத்தில் டார்ச் அடித்தான். இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பார்த்தான்.

எந்த இன்ஜினும் அணைத்தால் வழக்கமான ஓரிரு இடத்தில்தான் வந்து நிற்கும். அந்த இடத்துப் பல் மட்டும்தான் தேயும். இங்கே சுற்றிலும் தேய்ந்திருந்தது.

நாச்சிமுத்து ஓடுகிற இன்ஜினில் செல்ஃப் அடித்திருக்கிறார்.

அடக் கடவுளே. வண்டியில் ஒரு குற்றமும் இல்லை.

செல்ஃபை மாட்டினான். கையை வெளியே நீட்டி, அடிங்க என்று ஆட்டினான்.

இன்ஜின் உடனே பிடித்தது. அலுங்காமல் ஓடியது.

"போதும், விடுங்க!"

கர்ர்ர்.

"விடுங்கன்னா விடுங்க!"

கர்ர்ர்.

ஊர்ந்து வெளியே வந்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்து நின்றான்.

நாச்சிமுத்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. வாயை.

அவருக்குக் காது கேட்கவில்லை. வண்டி ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கேட்க வந்ததை விட்டுவிட்டு வண்டிக்குள் தலையை நீட்டினான்.

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எப்போதோ பீஸ் போய்க் கிடந்தது. டப்பாவைக் கிளறி ஒரு குட்டி பல்பை எடுத்து மாட்டினான். பிறகு அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"சாவி போட்டா செவப்பு எரியுமுங்க. அது அணைஞ்சா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். உடனே சாவிய விட்டுருங்க."

அவர் விளக்கைப் பார்த்தார். தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

சாவியைப் போட்டார். சிவப்பு எரிந்தது. திருகினார். அணைந்தது. விட்டார்.

அரைக்கவில்லை.

ருக்மணியம்மாளைத் தாங்கிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார வைத்தார். கார் ரோட்டில் ஏறியது.

பின்னால் ஒரு செங்கல் லாரி ஹாரனை அலறவிட்டது. கார் பாட்டுக்கு நடுரோட்டில் போனது. லாரி மறுபடியும் அலறியது.

பக்கத்து சீட்டிலிருந்து மெலிந்த கை ஒன்று எழுந்து, அவர் தோளை இரண்டு தட்டு தட்டியது.

கார் ஒதுங்கியது.

ஓகோ, இப்படித்தான் ஓட்டுகிறார்களா! அப்பாடா என்று வெள்ளியங்கிரி அந்த அம்மாள் விட்டுப்போன ஸ்டூலில் உட்கார்ந்தான். டீ ஆறிப்போயிருந்தது.

வாய்வரை கொண்டுபோன டம்ளரை அப்படியே இறக்கினான்.

வரப்ப பூராத் தூங்கீருவா.

அப்போது தோளைத் தட்ட யார்? இன்னும் இரண்டு வண்டி பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. இடுப்பு விட்டுப்போகிறது. இன்று செவ்வாய். வியாழன் இருக்கிறது, சனி இருக்கிறது. அதையெல்லாம் எங்கே போய் யோசிப்பது?

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போனான்.

"ஏனுங்ணா, மத்தியானம் ஈரோட்டுக்கு பஸ் எத்தன மணிக்குங்க?"

"ஏன், உன்ற பைக்கு என்னாச்சு?"

"போறதுக்கு மட்டுந்தானுங்ணா பஸ்சு."