ஏறிய பின்

வெயில் தாழ்ந்தும் பழைய கார் விற்கும் கொட்டகையின் தகரம் அனல் கக்குகிறது. காலையிலிருந்து கடைகடையாக அலைந்த தம்பதி, கடைசியாக ஒரு கறுப்பு எஸ்.யூ.வி. முன் நிற்கிறார்கள். “டாக்டர் ஓட்டின வண்டி சார்,” என்கிறார் வியாபாரி. “இன்னைக்குப் பார்த்த எல்லாமே டாக்டர் வண்டிதான். அப்ப வைத்தியம் யாருதான் பார்க்குறாங்க?” என்று முனகுகிறாள் மனைவி. படி உயரம். வியாபாரி பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். மூச்சு வாங்க ஏறியவள், தோல் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடுகிறாள். ஏ.சி. காற்றில் நெற்றி வியர்வை மெல்ல உலர்கிறது. கணவன் குனிந்து டயரைத் தடவுகிறான். “ரொம்பத் தேஞ்சிருக்கும்மா. வேணாம், இறங்கு.” அவள் கண் திறக்கவில்லை. “என் முட்டியுந்தான் தேஞ்சிருக்கு. இனி இறங்க முடியாது. வாங்கிடுங்க.” வியாபாரி சத்தமில்லாமல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போகிறார்.